வாளியில் மொண்டு ஊற்றிய கேஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாத மழை நாளில் நடந்தது இது. அப்போது திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். பத்துக்குப் பத்தில் ஒரே அறை. சமையல், படுக்கை, மூலையில் குளிக்கிற இடம் எல்லாம் அதற்குள்தான். நான் கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகளை வாங்கி வந்து வீட்டிலேயே பிசிர் வெட்டிக் கொடுப்பேன், அந்த மூட்டைகள் வேறு கிடக்கும். மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் ஒன்றரை அடிக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த வருடம்தான் எங்களுக்கு கேஸ் வந்தது. அதுவரை என்னிடம் இருந்தது பம்ப் ஸ்டவ். கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்து, சூடு ஏறியதும் பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் நீலமாக எரியும். எனக்கு அதன் குணம் தெரியும், அதற்கு என் குணம் தெரியும். கேஸ் அப்படியில்லை. பார்த்தாலே எனக்கு நடுக்கம். லைனில் இருந்த பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பம்ப் ஸ்டவ் வெடித்து எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. சிலிண்டர் வெடித்தால் லைனே போய்விடும் என்று இன்னொரு கட்சி. என் வீட்டுக்காரர் சிரிப்பார். "ரெண்டையும் வெச்சுக்க புள்ள, பயமில்லாத நாளைக்கு கேஸ்ல ஆக்கு" என்பார். அப்படியே இரண்டும் இருந்தன. கேஸ் அடுப்பு கல் மேடையில், பம்ப் ஸ்டவ் தரையில்.

காலையில் அவர் கேஸில் காபி வைத்துக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போவார். அடுப்புத் திருகை மூட மாட்டார், சிலிண்டர் தலையில் மாட்டியிருக்கிற ரெகுலேட்டரின் திருகை மட்டும் மூடுவார். கேஸ் நின்றால் அடுப்பு தானாக அணைகிறது, அப்புறம் எதற்கு என்பது அவர் கணக்கு. அவர் போனதும் நான் போய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். அதன்மேல் இங்கிலீஷில் எழுதியிருந்தது எனக்குப் புரியாது. "அம்பு செவுத்தப் பாத்துச்சுன்னா மூடியிருக்குதுன்னு அர்த்தம்" என்று அவர் சொல்லித் தந்திருந்தார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

அந்த மழை நாளுக்கு முந்தின நாள்தான் புது சிலிண்டர் வந்தது. போட வந்தவர் உள்ளே வேலை செய்யும்போது நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நின்றேன். வேற்று ஆண்பிள்ளையிடம் வாய் திறந்து ஒன்று கேட்க எனக்கு வராது. ரெகுலேட்டரை அவர் பழையபடி இல்லாமல் வேறு பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார், இனி மூடினாலும் அம்பு சுவரைப் பார்க்காது என்பது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நல்ல மழை. மகளுக்கு ஆறு வயது, காய்ச்சலோடு தரையில் பாயில் படுத்திருந்தாள். வீட்டுக்காரர் போனதும் நான் சிலிண்டரைப் பார்த்தேன். அம்பு சுவரைப் பார்க்கவில்லை. இன்றைக்கு மறந்துவிட்டார் போலிருக்கிறது, நல்ல வேளை பார்த்தோம் என்று நினைத்து, சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். மூடியிருந்ததை நானே திறந்துவிட்டேன், அவர் மூடாமல் விட்ட அடுப்புத் திருகு வழியாக கேஸ் வர ஆரம்பித்தது.

தகர ஓட்டில் மழை விழுகிற சத்தம். பின்னால் நிட்டிங் மிஷின்கள் ஓடுகிற சத்தம். 'உஸ்' என்று வந்தது எப்படிக் கேட்கும்? எனக்கோ சளி பிடித்து மூக்கே வேலை செய்யவில்லை. சாரல் அடிக்கிறது என்று கதவையும் சாத்தியிருந்தேன். உட்கார்ந்து பிசிர் வெட்ட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் முனகினாள். "அம்மா, கெட்ட நாத்தம் அடிக்குதுங்கம்மா."

எங்கள் லைனில் நாற்றம் என்றால் அது சாக்கடைதான். மழை பெய்தால் சாயத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வரும், குளிக்கிற மூலையில் இருக்கிற தண்ணீர் போகும் ஓட்டை வழியாக வீச்சம் உள்ளே ஏறும். அதற்கு நாங்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். பனியன் தைத்து மிஞ்சிய துண்டுத் துணியை, வேஸ்ட் என்போம், உருட்டி ஓட்டையில் அடைத்துவிடுவோம். வேஸ்ட்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? எலி வராமலிருக்கவும் அதுதான், கரப்பான் வராமலிருக்கவும் அதுதான். ஏற்கெனவே ஒரு உருண்டை அடைத்திருந்தது. நான் இன்னும் இரண்டு கை வேஸ்ட்டை எடுத்துக் கரண்டிக் காம்பால் இறுக்கமாகத் திணித்தேன். இப்போது நாறாது கண்ணு, தூங்கு என்று சொன்னேன்.

அவளுக்குக் கஞ்சி வைக்கலாம் என்று பம்ப் ஸ்டவ்வை முன்னால் இழுத்தேன். வீட்டுக்காரர் இல்லாதபோது நான் கேஸைத் தொடமாட்டேன். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றினேன். தீப்பெட்டி மழை ஈரத்தில் நமத்துப் போயிருந்தது. முதல் குச்சியின் மருந்து அப்படியே உதிர்ந்தது. பெட்டியை முந்தானையில் துடைத்துவிட்டு இரண்டாவது குச்சியை எடுத்தேன்.

அப்போது வாசலில் ஆண் குரல் கேட்டது. "அக்கா, வீட்ல இருக்கியளா?"

பக்கத்து அறைக்காரர். ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர். இங்கே ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்தார். அதற்கு முன்னால் விசைப்படகில் போனவர், படகில் சமையலும் அவர்தான் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். குடிவந்து ஒரு வருடம் ஆகியும் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குழாயடியில் அவர் நின்றால் குடத்தை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அன்றைக்கும் பேசவில்லை. வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் இவருக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, அடுப்பு பத்த வைக்காதிய" என்று மறுபடி குரல். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பயமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. பேசாமல் இருந்தால் போய்விடுவார் என்று, கிழிப்பதற்காகக் குச்சியைப் பெட்டியின் மருந்துப் பக்கத்தில் வைத்தேன்.

கதவு திறந்தது. அவர் சத்தம் போடவில்லை. "கைய அப்படியே வச்சுக்கங்க. தீக்குச்சியக் கிழிச்சிராதிய" என்று மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவான குரலில் என் கை நின்றுவிட்டது.

ஒரே எட்டில் உள்ளே வந்து சிலிண்டர் திருகைத் திருப்பினார். பாயோடு மகளைத் தூக்கித் தடுப்புச் சுவருக்கு வெளியே, எதிர் அறைப் பெண் கையில் கொடுத்தார். என்னை வெளியே போகச் சொன்னார். நான் பழக்க தோஷத்தில் விளக்கை அணைக்கப் போனேன். "லைட்டு எரிஞ்சா எரியட்டும், சுவிட்சுல கை வைக்காதிய" என்றார். பிறகு குளிக்கிற மூலையில் நான் அடைத்திருந்த வேஸ்ட்டை விரலால் தோண்டித் தோண்டி வெளியே இழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் லைனே கூடி நின்று பார்த்தது. என் பிளாஸ்டிக் வாளியை எடுத்தார். குனிந்து, ஒன்றுமே இல்லாத தரையில் வாளியைச் சாய்த்து மொண்டார். சுவருக்கு வெளியே கவிழ்த்தார். மறுபடி மொண்டார். மறுபடி கவிழ்த்தார்.

எதிர் அறைப் பெண் வாய்த்துடுக்கு. "ஏனுங் தம்பி, காத்தயா மொண்டு ஊத்தறீங்க? எங்க ஊட்லயும் நெறையாக் கெடக்குது, வந்து அள்ளிக் குடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கையை நிறுத்தவில்லை.

"கேஸு மேல போகாதுக்கா. தண்ணி மாதிரி கீழதான் கெடக்கும்" என்றார். படகில் பலகைக்கு அடியில் போய் நின்றுவிடுமாம். அலையில் ஸ்டவ் சாய்ந்து ஸ்பிரிட் சிந்துகிறது என்று அவர்கள் முதலாளி கேஸ் வாங்கிப் போட்டாராம். ஒரு நாள் விடியற்காலை கூட வந்தவர் பீடிக்குக் குச்சி கிழித்திருக்கிறார். அந்த ஆளின் இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் வெந்துபோயிற்று என்றார். அதற்கப்புறம் படகில் வாடை வந்தால் முதலில் வாளியைத்தான் தேடுவார்களாம். வேலைக்குக் கிளம்பியவர், எங்கள் வாசலைத் தாண்டும்போது காலடியில் அதே வாடை வந்ததும் நின்றிருக்கிறார்.

அப்போதுதான் லைனில் சிரிப்பு நின்றது. நான் மழையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தரையில் கிடந்த பிள்ளை, தரையில் இருந்த ஸ்டவ், சுற்றிலும் பஞ்சு பஞ்சாகப் பனியன். அந்தச் சுவர் போதாதென்று ஓட்டையையும் அடைத்து, அந்த அறையை நான் ஒரு தொட்டியாக்கி வைத்திருந்தேன்.

வாடை போன பிறகு அவர் கை கழுவிவிட்டுக் கிளம்பினார். எப்படியோ எனக்கு வாய் வந்தது. "இதுல எந்த அடுப்பு நல்லதுங்க?" என்று கேட்டேன். நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ரெண்டும் நல்ல அடுப்புதான்க்கா. ஸ்பிரிட்டு சிந்துனா கண்ணுக்குத் தெரியும், கேஸு சிந்துனா தெரியாது. அம்புட்டுத்தான்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் லைனே சேர்ந்து கதை சொன்னது.  அவர் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு பக்கத்து அறைக்குப் போய் அவரைச் சாப்பிடக் கூட்டி வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தத் தடுப்புச் சுவரின் அடியில் இரண்டு துளை போட்டார்கள், குளிக்கிற மூலையில் இரும்பு வலை வைத்தார்கள். அடுப்புத் திருகு, சிலிண்டர் திருகு இரண்டையும் நான் அவர்கள் முன்னால் பத்துத் தடவை திறந்து மூடிக் காட்டினேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டேன். பம்ப் ஸ்டவ்வைக் கொடுத்துவிட்டோம். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்து, கேஸையே வைத்துக்கொண்டேன்.

அவர் இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்க வேண்டும்.

மகளுக்கு இப்போது கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். அன்றைக்கு நடந்ததைக் கேட்டால், எதிர் அறை அம்மா பாலில் பன் நனைத்துக் கொடுத்ததுதான் ஞாபகம் என்கிறாள், வேறு ஒன்றும் இல்லையாம். எனக்கு உயிர் போய் உயிர் வந்த நாள், அவளுக்குப் பன் தின்ற ஒரு நாளாக முடிந்ததே, அந்த நிம்மதி இத்தனை வருடம் ஆகியும் எனக்குத் தீரவில்லை.