செத்த பிரிட்ஜில் சாரை முட்டை

கோழி சும்மா உட்கார்ந்து செய்கிற வேலையைக் கரண்ட் வைத்துச் செய்வதுதான் என் தொழில். முட்டை பொரியாவிட்டால் கோழிக்கு மட்டும் யாரும் போன் போட்டுத் திட்டுவதில்லை.

பெரம்பலூரில் எனக்கு ஒரு பிரிட்ஜ் ரிப்பேர் கடை. கம்ப்ரஸர் போய், இனிமேல் பிழைக்காது என்று ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற பிரிட்ஜின் கூட்டை எடுத்துக்கொள்வேன். பல்பு, சின்ன பேன், சூட்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் எல்லாம் மாட்டி, நாட்டுக்கோழி முட்டை பொரிக்கிற பெட்டியாக்கிக் கொடுப்பேன். வீட்டிலேயே தெர்மாகோல் பெட்டியில் இதை முயன்று பார்த்து, இருபத்தோராம் நாள் கையில் கூமுட்டையோடு நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு மட்டும்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

மாடி வீடும் கீழ் வீடும்

நான் செய்த முதல் பெட்டி குன்னத்துக்குப் போனது. சின்ன வெங்காயம் போடுகிற ஒரு அம்மா வாங்கினார். சூடு என்றால் அது பெட்டி முழுக்கத் தானாகவே பரவிக்கொள்ளும் என்ற நினைப்பில், உச்சியில் இரண்டு பல்பை மட்டும் மாட்டியிருந்தேன். பேன் வைக்கவில்லை. மேல்தட்டில் சூடு பார்க்கிற மீட்டரை வைத்தேன், கோழி முட்டைக்கு வேண்டிய முப்பத்தேழரையைக் காட்டியது. எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாத குறைதான்.

சூடான காற்று மேலேயே தங்கிவிடும், அதைக் கீழே தள்ளிவிட ஒரு ஆள் வேண்டும் என்பது இருபத்தோராம் நாள்தான் தெரிந்தது. மேல்தட்டு முழுக்கக் குஞ்சு. கீழ்த்தட்டில் ஒன்றுகூட இல்லை. அந்த அம்மா கோபமே படாமல் போனில் கேட்டார்: "மாடி வூட்டுக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. கீழ் வூட்டுக்காரங்க உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணுனாங்க?"

தூசி படாத குஞ்சு

அதற்குப் பிறகு பழைய கம்ப்யூட்டரிலிருந்து சின்ன பேனைக் கழற்றி மாட்ட ஆரம்பித்தேன். எந்த மூலையில் மீட்டரை வைத்தாலும் ஒரே எண். காற்று வந்து போக நான்கு ஓட்டையும் போட்டேன். இனி எவர் வாயிலும் விழ வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தபோது ரெட்டிபாளையத்திலிருந்து போன் வந்தது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெட்டியில் குஞ்செல்லாம் முழுசாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயிருந்தன.

நேரில் போய்ப் பார்த்தால் நான்கு ஓட்டையிலும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. முட்டைக்குள்ளே இருக்கிறதும் மூச்சு விடும் சார் என்று சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் நான் இழுத்த தூசி போதும்மா. பொறக்கறதாச்சும் அது இல்லாம பொறக்கட்டும்னுதான் அடைச்சேன்."

துண்டு மூட்டை

என் தம்பி கண்ணன் ஜேசிபி ஓட்டுகிறான். கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் பட்டுப்போன முந்திரிக் கட்டைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் மத்தியானம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு என் கடையில் வந்து நின்றான். கையில் ஒரு துண்டு மூட்டை. கட்டைக்கு அடியில் படுத்திருந்த சாரைப்பாம்பு ஜேசிபி பக்கெட்டில் மாட்டிச் செத்துவிட்டது. அது படுத்திருந்த குழியில் பன்னிரண்டு முட்டைகள். வெள்ளையாக, நீளவாக்கில், தொட்டால் மெத்தென்று இருந்தன.

அவன் மனைவி சுதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கும்போது பாம்பைக் கொன்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அதை அவனிடமும் சொன்னேன். ஆனால் அது அவன் காதில் ஏறவில்லை. அவ்வளவு பெரிய வண்டியை ஒற்றைக் கையால் திருப்புகிறவன், துண்டு முடிச்சை அவிழ்க்க முடியாமல் நின்றான். "தாயக் கொன்னுட்டேங்க்கா. இதுங்களையாச்சும் பொரிச்சுக் குடுத்துடு. எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

கோழிக்குப் பழகின கை

வனத்துறைக்கு உடனே போன் போட்டோம். ஆள் வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள் என்றார்கள். முப்பது டிகிரி போதும் என்றும் சொன்னார்கள். கடையில் இருந்த ஒரு பெட்டியின் கண்ட்ரோலரை முப்பதுக்குத் திருப்பி வைத்து முட்டைகளை உள்ளே அடுக்கினேன். ஐந்து முட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கொத்தாக இருந்தன. மற்ற ஏழும் உதிரி.

கோழி முட்டையென்றால் தினம் மூன்று தடவை புரட்டிப் போட வேண்டும். அடையாளத்துக்கு ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். என் கை அதற்கே பழகிப்போன கை. ஏழு உதிரி முட்டைக்கும் பென்சிலால் குறி போட்டு, சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை என்று பொறுப்பாகப் புரட்டினேன். கொத்தைப் புரட்ட முடியாததில் வருத்தம் வேறு.

மறுநாள் மத்தியானம் வந்த வனக்காவலர் பென்சில் குறியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். பாம்பின் கரு மேல் ஓட்டோடு ஒட்டி வளருமாம். புரட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். பாம்புக்குக் கையே இல்லையே, அது எப்படிப் புரட்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? ஆபீஸில் கேட்டு, பெட்டியை என் கடையிலேயே விட்டுவைத்து வாரம் ஒரு முறை வந்து பார்ப்பதாகச் சொன்னார். போகும்போது ஒரே ஒரு உத்தரவு போட்டார். "மேடம், இனிமே என்ன ஆனாலும் சரி, கையக் கட்டிக்கிட்டுப் பாருங்க."

கண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை.

காற்றும் ஆகாது

நான்காம் நாள் முட்டைகளின் மேல் பள்ளம் விழுந்தது. கோழி முட்டைக்கு உயிர் கொடுத்த அதே பேன், தோல் மாதிரி ஓடுள்ள இந்த முட்டைகளின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பேனை நிறுத்தினால் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. ஓட விட்டால் முட்டை சுருங்குகிறது.

கடைசியில் ஈரமான தென்னை நார்த்தூளைப் பரப்பிய மூடி போட்ட டப்பாவுக்கு, இருந்த நிலை மாறாமல் முட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். மூடியில் ஊசித் துளைகள் போட்டேன். சுற்றிலும் தண்ணீர் பாட்டில்களை நிறுத்தி, பேனை அவற்றின் பக்கம் திருப்பிவிட்டேன். வெளியே வெயில் கூடினாலும் குறைந்தாலும் பாட்டில் தண்ணீர் சூட்டைத் துள்ள விடாமல் பிடித்துக்கொண்டது. நாலைந்து நாளில் பள்ளம் மேடானது.

கண்ணன் வண்டிக்குப் போவதை விட்டுவிட்டான். சாப்பாட்டையும் பாதி விட்டுவிட்டான். பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் கேட்டான்: "காத்து இல்லன்னாலும் சாவுது, இருந்தாலும் சாவுது. பாம்புக்கு யாருக்கா இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

சுதா வந்தாள்

ஒன்பதாம் மாதத்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு சுதா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கண்ணன் டீ வாங்கப் போயிருந்த நேரம். பெட்டியைத் திறந்து காட்டினேன், புரட்டின கதையையும் அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டப்பாவைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பாம்புக்கு நான் பயப்படல அண்ணி. புள்ள பொறக்கறப்ப அப்பன்னு ஒருத்தன் முழுசா இருப்பானான்னுதான் பயமா இருக்கு."

அறுபத்தெட்டாம் நாள்

காலை பதினொரு மணிக்கு ஒரு முட்டையில் கீறல் விழுந்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தலை வெளியே வந்து எங்களைப் பார்த்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் கொத்தாக இருந்த ஐந்தும் பொரிந்தன. உதிரியில் இரண்டு பொரிந்தன. மற்ற ஐந்தும் அப்படியே கிடந்தன.

வனக்காவலர் ஏழு குட்டியையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனபின், மிச்சம் ஐந்து ஏன் வரவில்லை என்று கண்ணன் கேட்டான். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. பென்சில் குறியைக் காட்டி, நான்தான் புரட்டிவிட்டேன், என்னால்தான் போயிற்று என்றேன். அழுகை வந்துவிட்டது. அவன் பென்சில் குறியை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு என் தோளைத் தொட்டு, "வுடுக்கா, தெரியாமத்தான பண்ணுன" என்றான். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "அப்ப நானும் தெரியாமத்தானக்கா பண்ணுனேன்?"

தொட்டில்

அடுத்த வாரம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். கண்ணன் மறுபடி வண்டிக்குப் போகிறான். ஆனால் ஒவ்வொரு கட்டையையும் பெயர்ப்பதற்கு முன் இறங்கிப்போய்க் கம்பால் தட்டிப் பார்க்கிறானாம். ஜேசிபி முதலாளி என்னிடம் புலம்பினார். இது எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பது, குழந்தையைப் பார்க்கப் போன அன்று சுதா சொல்லித்தான் தெரிந்தது. "தொட்டிலுக்கு நாலு மூலையிலயும் மீட்டர் வச்சிருக்காரு அண்ணி. சுத்தித் தண்ணி பாட்டிலு. அதுகூடப் பரவால்ல, புள்ளையக் கொஞ்சம் பொரட்டிப் படுக்கப் போட வுட மாட்டேங்கறாரு."

கோழிக்கு இருபத்தொரு நாள், சாரைக்கு அறுபத்தெட்டு நாள் என்று பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன், என் தம்பி அந்தப் பயத்தை விட்டு வெளியே வர எத்தனை நாள் என்பதற்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது.