கொம்பு முளைத்த எஞ்சினும் ஒரு பூசணிக்காயும்

புலம்பெயர்ந்து மனுரேவா புறநகரில் குடியிருக்கும் சதாசிவம் பிறவியிலேயே சாது. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். இதுவரை எவர் காலையும் நசுக்கியதில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கைநீட்டி அடிப்பார் என்பதைச் சரித்திரம் பதிவு செய்தாக வேண்டும். அந்த விஷயம், அவர் கண்ணால் கண்டிராத சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது சுவிஸ்காரர்களுக்கு நிலக்கரித் தட்டுப்பாடு. மலையருவி மின்சாரம் மட்டும் தாராளம். ஆகவே ஓரிரு நீராவி எஞ்சின்களின் கூரையில், மின்சார ரயிலுக்கு இருப்பது போன்ற பேன்டோகிராஃப் கொம்பை மாட்டி, மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் இழுத்து, வீட்டுக் கெட்டில் போல பாய்லரைச் சுடவைத்தார்கள். எஞ்சின் ஓடியது. இதைப் படித்த நாளிலிருந்து சதாசிவத்துக்கு மனிதகுலம் இரண்டாகப் பிரிந்துவிட்டது: நம்புகிறவர்கள், அடி வாங்க வேண்டியவர்கள்.

முதல் பிரிவில் யாரும் சேரவில்லை. அவர் அந்த எஞ்சினைக் கராஜில் லெகோ பொம்மைக் கட்டைகளால் கட்டிப் படமெடுத்துக் காட்டியபோது, கிடங்கு சகா ஒருவர் "கரி வண்டிக்குக் கரண்டா?" என்று சிரித்தார். சதாசிவத்தின் கையிலிருந்து பறந்த எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா அந்தச் சகாவின் நெற்றியில் தையல் போட வைத்தது. தயிர்சாதம் சாத்வீக உணவு என்ற கருத்து அன்றோடு ஒழிந்தது.

"டாட், இட்ஸ் ஜஸ்ட் லெகோ" என்றாள் மகள் தாரிணி. மகள் என்பதால் தப்பித்தாள்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. லெகோ கண்காட்சியில் எஞ்சினை ஓட்ட வேண்டும். பார்க்கிறவர்களில் ஒருவராவது, "ஆமா, இப்படி ஒண்ணு இருந்துச்சு" என்று சொல்ல வேண்டும்.

கண்காட்சிக்கு முன்பாக ஆயுத பூஜை வந்தது. மனைவி கண்மணி காருக்கும் எஞ்சினுக்கும் சேர்த்தே பொட்டு வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மையார் வேலிக்கு மேலே எலுமிச்சம்பழம் கொடுத்தார். மங்கரேயிலிருந்து இரத்தினசிங்கம் வந்தார். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவர், யாழ்ப்பாணத்தவர், தாமும் லெகோ ரயில் கட்டுகிறவர்.

"இதென்ன சதாசிவம் அண்ணை, எஞ்சினுக்குக் கொம்பு முளைச்சிருக்கு?"

"சுவிஸ்ல இப்படித்தான் ஓடுச்சு, ரத்தினம்."

இரத்தினசிங்கத்தின் முகம் இறுகியது. "சுவிஸைப் பற்றி எனக்கே கதைக்கிறியளோ? எனக்கு அங்க மூண்டு சகோதரங்கள். ஒருத்தரும் இப்பிடி ஒண்டு இருக்கெண்டு சொல்லேல்லை."

உடன்பிறந்தவர் குடியேறிய நாடு குடும்பச் சொத்து. அதன் வரலாறு குடும்பத்தின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

"அவங்க அங்க ரொட்டி சுடுறாங்க. பாய்லரையா சுடுறாங்க?" என்றார் சதாசிவம்.

இரத்தினசிங்கம் குனிந்தார். கொம்பைப் பிடுங்கினார். "பிழையைத் திருத்திப்போட்டன்" என்றார்.

சதாசிவம் விட்ட முதல் அறையில் இரத்தினசிங்கத்தின் மூக்குக்கண்ணாடி காருக்கு அடியில் போய் விழுந்தது. பதில் குத்தில் சதாசிவத்தின் முன்பல் ஒன்று எலுமிச்சைக்குப் பக்கத்தில் உருண்டது. திருஷ்டி கழிக்கக் குங்குமம் அடைத்து வைத்திருந்த பூசணிக்காய் இரத்தினசிங்கத்தின் தலையில் உடைந்தது. பூஜைக்காக இருவரும் செருப்பைக் கழற்றியிருந்ததுதான் கொடுமை. தரையெல்லாம் லெகோ கட்டைகள். வெறுங்காலால் அவற்றை மிதித்தவர்களுக்கு மூக்கில் விழும் குத்து ஓர் ஆறுதல். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த அம்மையார், வழியும் சிவப்பைக் கண்டு ஆம்புலன்சை அழைத்தார்.

கண்மணி தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து இருவர் மீதும் தண்ணீரைப் பீய்ச்சினாள்.

"அண்ணே, அந்த மூணு பேர்ல ஒருத்தருக்கு போன் போட்டுக் கேளுங்க. இல்லேன்னா இருக்கிற பல்லும் போயிடும். சுண்டல் வேற ஆறுது."

சுவிஸிலிருந்து வீடியோவில் வந்த இரத்தினசிங்கத்தின் தம்பி கொட்டாவி விட்டார். "ஓம், அப்பிடி எஞ்சின் இருந்தது. கரியில்லாத காலத்தில கரண்டில ஓட்டினவை. என்ர மகன்தான் சொன்னவன். ஏன் அண்ணை, சிவப்பாய் இருக்கிறியள்?"

"முந்தியே ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

இரத்தினசிங்கம் மன்னிப்புக் கேட்கவில்லை. முடியிலிருந்து பூசணி விதைகளை எடுத்துப் போட்டுவிட்டு, சப்பணமிட்டு உட்கார்ந்து, கொம்பைத் திரும்ப மாட்டினார்.

கண்காட்சியில் எஞ்சின் ஓடியது. மூக்கில் பிளாஸ்திரியோடு இரத்தினசிங்கம் காவல் நின்றார். விஷயம் தெரிந்தவர் போலிருந்த ஒரு நெட்டை மனிதர், நீராவி எஞ்சினில் இதெல்லாம் வராது என்று ஆங்கிலத்தில் விளக்கியபடி கொம்பை நோக்கி விரலை நீட்டினார். சதாசிவம் கையை ஓங்குவதற்குள் இரத்தினசிங்கத்தின் முஷ்டி அந்தத் தாடையில் இறங்கிவிட்டது.

"எனக்குச் சுவிஸில மூண்டு சகோதரங்கள்" என்றார், தமிழிலேயே.

இருவரையும் காவலாளிகள் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். மழை தூறியது. கண்ணாடிக் கதவு வழியாக எஞ்சின் சுற்றி வருவது தெரிந்தது.

விரல் முட்டியை ஊதிக்கொண்டே இரத்தினசிங்கம் சொன்னார்: "ஓம் அண்ணை, இப்பிடி ஒண்டு இருந்ததுதான்."

சதாசிவம் பல் போன இடம் தெரியச் சிரித்தார். உள்ளே, தாடையைப் பிடித்தபடி அந்த நெட்டை மனிதர், எஞ்சினை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.