எடுக்குது, ஆனா புடிக்கல: பழைய வேனில் கரியாலூருக்கு இரண்டு நாள்

பழைய டீசல் வண்டியில் படுக்கை போட்டுக்கொண்டு மலையேற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு. நாங்கள் கல்வராயன் மலைக்குப் போனது தை மாதம், ஒரு சனி, ஞாயிறு. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் மறியல்கள் நடந்துகொண்டிருந்த சமயம். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வேன் என்றால் மாட்டிக்கொண்ட இடத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில் அப்பாவும் நானும் கிளம்பினோம்.

வேன் என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர் கேன் எல்லாம் அப்பாவே பொருத்தினார். பதினொன்றாம் வகுப்பு பாதியில் நான் பள்ளியை விட்டு நின்ற பிறகு பார்த்த ஊர்கள் எல்லாம் இதன் ஜன்னல் வழியாகப் பார்த்தவைதான். புது ஆள் பேசினால் எனக்குப் பேச்சு வராது. ஜன்னலுக்கு உள்ளே இருந்தால் யாரும் பேச மாட்டார்கள். விசாரிப்பவர்களிடம் வீட்டில் "படிப்பு புடிக்கல, நின்னுட்டா" என்று சொல்லிவிடுவார்கள். அது சரியான சொல் இல்லை, படிப்பு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நான் திருத்தியதும் இல்லை.

வண்டிக்கு ஒரு வருடமாக ஸ்டார்ட்டிங் பிரச்சினை. இரண்டு பேட்டரி மாற்றினோம், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் பூட்டினோம். கடைசியில் அப்பா ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டார். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிளம்பும்போது செல்ஃப் அடிக்கவே மாட்டார். வண்டியை உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விடுவார். எங்கள் வீடு ஏரிக்கரைச் சரிவில் இருப்பதால் வசதி. ஆனால் அவருக்கே சலித்துவிட்டது. எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு பழைய இரும்பு வியாபாரி வண்டியை எடைக்கு வாங்க வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"இந்த ட்ரிப்புல ஒரு தடவ நின்னாலும் திங்கக்கிழம குடுத்துடுவேன் பாப்பா. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்கக் கூடாது" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கள்ளக்குறிச்சியில் கிளம்பினோம். டீசல் ஆயிரம் ரூபாய்க்கு. கச்சிராயபாளையத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், 6.45க்கு, மறியலில் மாட்டினோம். எங்கள் வண்டி ஒரு பாலத்து ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. வரிசையில் நகர இடமில்லை. 9 மணிக்கு வழி விட்டார்கள். மற்ற வண்டிகள் எல்லாம் கிளம்பின, எங்களுடையது கிளம்பவில்லை. செல்ஃப் கிர்ர் கிர்ர் என்று நன்றாகத்தான் சுற்றியது.

மறியல் செய்தவர்களே பத்துப் பேர் தள்ள வந்தார்கள். நானும் இறங்கிக் கை வைத்தேன். துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர், டிராக்டர் ஓட்டுகிறவராம், அப்பாவிடம் கேட்டார்.

"செல்ஃப் எடுக்கலயா, இல்ல எஞ்சின் புடிக்கலயா?"

"எல்லாம் ஒண்ணுதாங்க. ஸ்டார்ட் ஆவல."

"புடிக்கலன்னா உட்டுடுங்கண்ணே, இன்னா கட்டாயக் கல்யாணமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். துண்டு கட்டியவர் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "நீங்கள்லாம் படிக்கணும்னுதாம்மா நாங்க ரோட்ல ஒக்காந்துக்கினு இருக்கோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பாலத்து உச்சி தாண்டி, சரிவில் வெகுதூரம் உருண்டபின் இருமி இருமி எஞ்சின் பிடித்தது. ஆனால் அப்பா சொன்ன கணக்குப்படி வண்டி ஒரு தடவை நின்றுவிட்டது. திங்கட்கிழமை போய்விடும்.

கோமுகி அணை தாண்டியதும் மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகளில் அப்பா ஹாரனை விடவில்லை. 11.20க்குக் கரியாலூர். வண்டி மீட்டர்படி மொத்தம் 41 கி.மீ. வழியெல்லாம் அந்த மனிதர் கேட்ட கேள்வியே என் தலைக்குள் ஓடியது. இத்தனை நாள் மெக்கானிக்குகளிடம் நாங்கள் சொன்னது "ஸ்டார்ட் ஆவல" என்ற ஒரே வார்த்தை. அவர்களும் உடனே பேட்டரிக்குப் போய்விடுவார்கள். ஆனால் இன்று செல்ஃப் எடுத்தது, மோட்டார் நன்றாகவே சுற்றியது. எஞ்சின்தான் பிடிக்கவில்லை. அப்படியென்றால் பேட்டரி சரி. டீசல்தான் போய்ச் சேரவில்லை.

டீக்கடை அக்கா ஒருவரிடம் கேட்டு, அவர் கடைக்குப் பக்கத்துச் சரிவில் வழக்கம்போல மூக்கைப் பள்ளத்தில் வைத்து நிறுத்தினோம். இடத்துக்குக் காசு வாங்கவில்லை. ராத்திரி நல்ல குளிர், இரண்டு போர்வை அவசியம்.

ஞாயிறு காலை பல் தேய்க்கும்போது வண்டிக்கு அடியில் டீசல் வாசனை. குனிந்து பார்த்தேன். பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து முன்னால் போகும் ரப்பர் ஹோஸின் முனை ஈரமாக இருந்தது. வீட்டுச் சரிவிலும் அந்த இடத்தில் ஒரு கறை உண்டு. சமதரையில் நின்றால் இருக்காது.

அப்பா உருட்டுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் கதவருகே போய் நின்றேன்.

"இன்னா பாப்பா?"

"உருட்டாதப்பா. செல்ஃப் அடி."

"பள்ளத்துல நின்னுக்கினு எதுக்கு செல்ஃப்?"

"ஒரே ஒரு தடவ."

அடித்தார். உடனே பிடித்தது. அப்பா சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வருடமாகப் பள்ளத்தில் நிறுத்தியபோதெல்லாம் வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆகியிருக்கும். நாங்கள்தான் ஒரு நாளும் செல்ஃப் அடித்துப் பார்க்கவில்லை.

எனக்குப் புரிந்ததைச் சொன்னேன். ஹோஸில் விரிசல். மூக்கு கீழே இருந்தால் டேங்க் உயரத்தில் இருக்கும், டீசல் ஹோஸில் நிறைந்தே நிற்கும், கொஞ்சம் கசியும். மூக்கு மேலே இருந்தால் டீசல் பின்னால் இறங்கிவிடும், விரிசல் வழியாகக் காற்று புகுந்துவிடும். நேற்றுப் பாலத்தில் நடந்தது அதுதான். அவ்வளவு நீளமாக நான் அப்பாவிடம்கூடப் பேசியதில்லை.

விரிசல் கிளிப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஹோஸ் நீளம் தாராளம். காய் நறுக்கும் கத்தியால் கெட்டுப்போன ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, மறுபடி மாட்டி இறுக்கினேன். உள்ளே புகுந்த காற்று வெளியேற, அப்பா ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். நான் டீசல் ஏற்றும் கைப் பம்ப்பை அடித்தேன். நுரை நுரையாக வந்தது, பிறகு குமிழி இல்லாத டீசல். மொத்தம் நாற்பது நிமிடம். செலவு இல்லை.

பிறகு அப்பாவே வண்டியைத் திருப்பி, மூக்கை மேட்டில் வைத்து நிறுத்தினார். பெரியார் அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தோம். அருவியை நான் சரியாகப் பார்க்கவில்லை, மன்னியுங்கள். தண்ணீர் நிறைய இருந்தது, பாறை வழுக்கியது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது. வந்ததும் அப்பா என்னை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தார். சாவியைத் திருகினேன். எடுத்தது. பிடித்தது.

இறங்கும்போது பாலத்தோரம் அதே ஆட்கள், இப்போது பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வழி விட்டிருந்தார்கள். துண்டு கட்டியவர் எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையைத் தூக்கி, "புடிச்சிடுச்சா?" என்று கேட்டார்.

ஜன்னலைத் திறந்தேன். "புடிச்சிடுச்சுங்க. ஹோஸ்ல காத்து" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அதற்கப்புறம் வீடு வரைக்கும் என் காது சூடாக இருந்தது.

போகிறவர்களுக்கு: கச்சிராயபாளையத்திலேயே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். கரியாலூரில் டீ, டிபன் கிடைக்கும், மாலை ஏழுக்குள் வாங்கிவிடுங்கள். பழைய வண்டி என்றால் ஓரடி டீசல் ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போங்கள். ஊருக்கு வந்து புது ஹோஸ் மாட்ட எங்களுக்கு 160 ரூபாய்தான் ஆனது. மெக்கானிக்கிடம் போனால் "ஸ்டார்ட் ஆவல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எடுக்கலயா, புடிக்கலயா என்று பிரித்துச் சொல்லுங்கள். பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

திங்கட்கிழமை இரும்பு வியாபாரி வந்தபோது வேன் ஏரிக்கரைச் சரிவில் நின்றது. ராத்திரியே அப்பா அதை மேட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தார். வியாபாரியிடம் "வண்டி குடுக்கலங்க" என்று சொல்லிவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார்.