ரோமமில்லாத பேழைச் சிப்பி

அருங்காட்சியகத்தின் கிளிஞ்சல் அறையில் வேலை பார்க்கும் அத்தானுக்குப் பட்டப்பெயர் பளபளா. நான் பக்கத்துப் பறவை அறையில் வேலை. அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதால் மட்டும் அத்தான் என்கிறேன். மற்றபடி அந்த ஆளைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

சட்டைப்பையில் எப்போதும் குட்டிக் கம்பி பிரஷ் ஒன்று இருக்கும். எந்தச் சிப்பி வந்தாலும் முதலில் குளியல், பிறகுதான் குசலம். கடல் கூப்பிடு தூரம். ஆனால் காலில் சேறு ஒட்டுமாம், போகமாட்டார்.

ஒருநாள் யாரோ ஒரு சிப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழக்கம்போலத் தேய்த்துக் குளிப்பாட்டினார். இரண்டு ஓடும் சேரும் கீல் நேர்கோடாக இருந்தது, அதில் சீப்பு மாதிரி பொடிப்பற்கள். பேழைச் சிப்பி என்றார். அதுவரை சரி. ஆனால் புத்தகத்தில் அந்தச் சிப்பியின் ஓட்டின்மேல் பழுப்பு ரோமம் உண்டு, இதில் இல்லை. ஆகவே புது இனமாம்! உள்ளே நாலு மணல்துகள் இருந்ததால் மணலில் வாழ்வதாம்.

"நீங்கதானே அத்தான் தேய்ச்சீங்க?" என்றேன்.

"நான் தேய்ச்சது அழுக்கைடா. நீ போய் உன் செத்த பறவைங்களைப் பாரு."

சிப்பிக்குத் தன் பெயரையே வைத்தார். அக்கா அதைச் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள். ஓய்வுபெறும் வயதில், வாழ்நாளில் அவர் கிழித்தது என்று சொல்ல அது ஒன்றுதான். தலைமையகத்து நிபுணர் அம்மா ஒப்புக்கொண்டால் பெயர் நிற்கும். இல்லாவிட்டால் அதுவும் போச்சு.

நிபுணர் அம்மா வந்தார். "இது உயிரோட எங்க இருக்கு? காட்டுங்க."

மூவரும் கடற்கரைக்குப் போனோம். அத்தான் மணலைத் தோண்டு தோண்டு என்று தோண்டினார். ஒன்றும் அகப்படவில்லை. நீர் வற்றியிருந்த பாறை இடுக்கில் அந்த அம்மா குனிந்தார். அங்கே நார் விட்டுப் பாறையைப் பிடித்தபடி, ரோமம் சிலிர்த்துக் கிடந்தன பேழைச் சிப்பிகள்.

"இதுதானே?"

"ஐயையோ, இது வேற இனம்மா! என்னோடது மொழுமொழுன்னு இருக்கும்."

"அப்போ ஒண்ணை எடுத்து வித்தியாசத்தைக் காட்டுங்க."

அத்தான் ஒன்றைப் பிய்த்தெடுத்தார். "ஒரே அழுக்கு. ஒரு நிமிஷம்மா," என்று கை பாக்கெட்டுக்குப் போனது. அக்காவின் முகம் நினைவுக்கு வந்து எனக்கே மனசு கேட்கவில்லை.

"அத்தான், வேணாம்!"

கேட்டால்தானே. பரபரவென்று தேய்த்தார், கடல்நீரில் அலசினார், பெருமையாக உள்ளங்கையை நீட்டினார்.

மொழுமொழுவென்று வெள்ளையாக இருந்தது. நிபுணர் அம்மா சிப்பியைப் பார்க்கவில்லை, பழுப்பு ரோமம் அப்பியிருந்த பிரஷைத்தான் பார்த்தார். அப்புறம்தான் அத்தானும் பார்த்தார்.