இன்னொரு ஆள்

கலெக்டர் ஒருநாளும் கலெக்டராக இருந்தவரில்லை. சிமெண்டுக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆனால் அந்த முதியோர் இல்லத்தின் மாடிக்கு அவர் வந்து சேர்ந்த அன்றே, டீ ஆறிப்போனதற்காக மூன்று பேரை வேலையைவிட்டு நீக்கினார். அதில் ஒருவர் பக்கத்து அறைக்காரரைப் பார்க்க வந்திருந்த விருந்தாளி. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அப்படியே நின்றுவிட்டது.

பக்கவாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. விழாத பக்கத்துக் கை, இரண்டு கையின் வேலையையும் சேர்த்துச் செய்தது. அந்தக் கையால் அவர் சிஸ்டரைக் கிள்ளுவார். முழங்கைக்கு மேலே, உட்பக்கச் சதையில், நிதானமாகத் தேடிப் பிடித்துக் கிள்ளுவார். அந்த மாடிக்கு ஒரே செவிலி அவள்தான்.

சிஸ்டருக்கு அவர்மேல் கோபமில்லை. மூளையில் நாலு நரம்பு செத்துப்போனதற்கு அந்த மனிதரைக் கோபித்துக்கொள்வதும், நனைத்துவிட்டதென்று மேகத்தின்மேல் வழக்குப் போடுவதும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. அதற்காகக் கோபமே இல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. நிறையவே இருந்தது. அதை மாடியில் செலவழிக்காமல், கீழே மேனேஜர் அறைக்கென்று சேர்த்து வைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். எழுந்து நிற்க முடியாதவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். இது இல்லத்தின் விதி. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள். எழுதி வைத்த பிறகு, மாடியில் இருந்த உதவியாளப் பெண்ணை வாசல் வரவேற்பு மேசைக்கு இறக்கிவிட்டார்கள். வருகிறவர்கள் முதலில் ஒரு சிரித்த முகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

அதன் பிறகு கீழ்த்தளத்தில் ஒரு சின்ன சிஸ்டர் தனியாகத் தூக்கினாள். பெரியவர் நழுவி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விசாரணை நடந்தது. ஏன் தனியாகத் தூக்கினாய் என்று கேட்டார்கள். கூட யாருமில்லை என்றாள். அப்படியானால் ஏன் தூக்கினாய் என்றார்கள். தூக்காமல் விட்டிருந்தால் ஏன் தூக்கவில்லை என்று கேட்டிருப்பார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. சுவரில் இருந்த விதி மட்டும் அங்கேயே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கலெக்டரின் மகன், கடல் கடந்த ஊரிலிருந்து, அப்பாவின் அறையில் ஒரு கேமரா மாட்டச் சொன்னான். படமும் போகும், பேச்சும் போகும். ஊழியர்கள் அப்பாவைக் கொடுமைப்படுத்துகிறார்களா என்று பார்ப்பது அவன் நோக்கம். பார்த்தான். அப்பா கிள்ளுவதையும், டம்ளரை வீசுவதையும், சிஸ்டர் குனிந்து டம்ளரைப் பொறுக்குவதையும் பார்த்தான். உடனே மேனேஜருக்குப் போன் செய்தான்.

மேனேஜர் சிஸ்டரை அழைத்து உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் விஷயம் பெரிது.

"அந்தத் தம்பி ரொம்ப வருத்தப்படறார் சிஸ்டர்."

"எனக்கும் வருத்தம்தான் சார். என் கையைப் பாருங்க."

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அப்பா யாரையோ அடிக்கிற மாதிரி கேமராவில தெரியுதாம்."

"மாதிரி எல்லாம் இல்ல சார். அடிக்கிறார்."

"அதான் பிரச்சினையே. இனிமே ஜன்னல் ஓரமா நின்னு வேலை பாருங்க. அந்தப் பக்கம் கேமராவுக்கு வராது."

சிஸ்டர் உதவியாளப் பெண்ணை மறுபடி மாடிக்கு அனுப்பமுடியுமா என்று கேட்டாள். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். நீங்களெல்லாம் தேவதைகள் என்று சேர்த்துக்கொண்டார். அவர் தலைக்குமேல் சுவரொட்டியிலும் அதுதான் அச்சாகியிருந்தது, இறக்கை வைத்த ஒரு செவிலியின் படத்தோடு. தேவதைக்கு இடுப்பு கிடையாது. ஆகவே இடுப்பு வலிக்கு விடுப்பும் கிடையாது.

மாடிப்படி ஏறும்போது அவளுக்குக் கணக்கு விளங்கியது. ஜன்னல் பக்கம்தான் அவருடைய நல்ல கை. கிள்ளு அப்படியே கிடைக்கும், பார்க்க மட்டும் ஆள் இருக்காது. அவர் விழுந்தாலோ, விசாரணையில் ஒரே கேள்விதான்: கேமராவுக்குத் தெரியாத இடத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

வீட்டில், அவள் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கணவர் வேலையை விட்டுவிடச் சொன்னார். அவர் அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறவர். எதையும் அழுத்திப் பிடித்துப் பழகிய கை.

"மெதுவா. நான் என்ன காகிதமா?" என்றாள். "விட்டுட்டு எங்க போறது? அங்கயும் ஒரு மேனேஜர் இருப்பான்."

மறுநாள் காலை அவள் கேமராவுக்கு நேரெதிரே போய் நின்றாள். முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை.

"தம்பி, நான் உங்க அப்பாவைப் பாத்துக்கற சிஸ்டர். இப்ப இவரை நாற்காலியில உக்கார வைக்கணும். அதுக்கு ரெண்டு பேர் வேணும். நான் ஒருத்திதான் இருக்கேன். இன்னொரு ஆள் வர்ற வரைக்கும் தூக்கமாட்டேன்."

பிறகு உதவிக்கான மணியை அழுத்தினாள். அந்த மாடியில் மணி அடித்தால் ஓடிவர வேண்டியவள் அவளே என்பதால் யாரும் வரவில்லை. ஒருத்தியால் ஆகக்கூடியதை எல்லாம் செய்தாள். முகம் துடைத்தாள், தலையணை மாற்றினாள், டீயை ஊட்டினாள், ஒரு கிள்ளு வாங்கினாள். பிறகு கைகட்டி நின்றாள்.

கலெக்டருக்கு இது புதிதாக இருந்தது. "எதுக்கு நிக்கற?" என்றார்.

"இன்னொரு ஆளுக்காக ஐயா."

"வரலைன்னா அவனை வேலையை விட்டுத் தூக்கு."

"தூக்கிட்டாங்கய்யா. அதான் வரல."

மற்ற அறைகளுக்கு நடுநடுவே போய்வந்தாள். திரும்பி வரும்போதெல்லாம், இன்னும் யாரும் வரவில்லை என்று கேமராவிடம் மரியாதையாகச் சொன்னாள். மூன்றாவது முறை சொன்ன சிறிது நேரத்தில் மேனேஜரே மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மகன் போன் செய்திருக்கிறான்.

"என்ன சிஸ்டர் இது, நாடகமா?"

"இல்ல சார், விதி. சுவத்துல இருக்கு. அந்தப் பக்கம் தோளுக்குக் கீழ பிடிங்க."

மகன் பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பிடித்தார். கலெக்டர் நாற்காலியில் இறங்கிய அதே நேரத்தில், முழங்கைக்கு மேலே, உட்பக்கச் சதையில் மேனேஜருக்கும் கிடைத்தது. அவர் சத்தம் போடவில்லை. கேமரா இருந்தது.

"அது நோய் சார்," என்றாள் சிஸ்டர். "நாமதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

மத்தியானமே உதவியாளப் பெண் மாடிக்கு வந்தாள். உத்தரவு தெளிவாக இருந்தது: கலெக்டரின் அறைக்கு மட்டும். மற்ற நேரம் வாசலில் இருக்க வேண்டும். ஒருவரைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பதை அவர் எடை முடிவு செய்யவில்லை. அவரை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது முடிவு செய்தது.

எதிர் அறையில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். கால் இரண்டும் வராது, கேட்க ஆளுமில்லை, உடம்பு மட்டும் கலெக்டரைப்போல் ஒன்றரை மடங்கு. கலெக்டரின் அறையில் ஒரு கட்டில் காலியாகவே கிடந்தது, அங்கே எவரும் ஒரு நாளைக்குமேல் தாக்குப்பிடித்ததில்லை. சிஸ்டர் டிரைவரிடம் கேட்டாள். இன்ஜின் இரைச்சலில் தன் காது போய் வெகுநாளாகிறது, அவர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்றார் டிரைவர். காலிக் கட்டிலை வெளியே எடுத்துவிட்டு, அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கலெக்டர் புதியவரை ஏறஇறங்கப் பார்த்து, யார் நீ என்று அதட்டினார். அந்த அதட்டல் டிரைவருக்கே கேட்டுவிட்டது.

"டிரைவர் சார்."

"வண்டி எங்க?"

"வெளிய நிக்குது சார்."

"சரி. இங்கயே இரு."

அதோடு அன்றைக்கு அவர் யாரையும் நீக்கவில்லை. அப்பா அமைதியாக இருப்பதைப் பார்த்த மகன், அந்தப் பெரியவர் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். மேனேஜர் சிஸ்டரைக் கூப்பிட்டு, இனி ஒரு கட்டில் நகர்ந்தாலும் அவள் வேலை நகர்ந்துவிடும் என்றார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

கலெக்டரின் அறையில் இனி இன்னொரு கட்டிலுக்கு இடமும் இல்லை. கடைசி அறையில் இருந்தவர் ஒரு டீச்சர். பெண் என்பதால் அவரை அந்த அறைக்குக் கொண்டுபோகவும் முடியாது. சின்ன சிஸ்டர் தூக்கி விழுந்தவரைவிட அவர் கனம். சில நாளாகக் கட்டிலிலேயே கிடந்ததில் முதுகுத் தோல் சிவந்து, புண்ணாகப் பார்த்தது.

மறுநாள் காலை கலெக்டரையும் டிரைவரையும் உட்கார வைத்துவிட்டு, உதவியாளப் பெண் வாசலுக்குக் கிளம்பினாள். சிஸ்டர் அவளைக் கடைசி அறைக்கு அழைத்தாள். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே சுவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வெறும் சுவர்கள்.

"இந்த ரூமுக்கு ஆர்டர் இல்லையே சிஸ்டர். தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும்."

"எனக்கும்தான் போகும். தனியாத் தூக்கிக் கீழ போட்டாலும் போகும். எப்படியும் போறது, இவங்க எலும்பு முழுசா இருக்கும்போதே போகட்டுமே. அந்தப் பக்கம் பிடிம்மா."

அவள் ஒருமுறை படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பிடித்தாள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் டீச்சர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். தலையைச் சரியாகச் சீவாமல் வந்ததற்காக, முதலில் சிஸ்டரைத் திட்டத் தொடங்கினார்.