தூக்காத தோள்

அந்தத் திடலில் அவளுக்குப் பெயர் கூண்டுக்காரி. கோல்ஃப் பழக வருகிறவர்கள் வரிசையாக நின்று அடித்துத் தள்ளும் பந்துகளை நாள் முழுக்க வண்டியோட்டிப் பொறுக்குவது அவள் வேலை. வண்டி என்றால் ஒரு சின்ன டிராக்டர். அதன் முன்னால் ஒரு இரும்புச் சட்டம், அதில் வரிசையாகத் தட்டுச் சக்கரங்கள். அவை உருளும்போது புல்லில் கிடக்கும் பந்துகளைக் கவ்விக் கூடைக்குள் எறியும். ஓட்டுகிறவர் இருக்கையைச் சுற்றி நாலு பக்கமும், தலைக்கு மேலும், இரும்புக் கம்பி வலை. எதற்கு வலை என்றால், அவள் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதும் அவர்கள் அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு பொம்பளைக்காக அடியை நிறுத்தினால் திடல் நடத்த முடியுமா?

அடிக்கிறவர்கள் எல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபீஸ் முடிந்து வருகிறவர், கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வருகிறவர், முதுகுவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்து புதிதாக ஒரு முதுகுவலியை வாங்கிக்கொண்டு போகிறவர். பத்துப் பந்து அடித்தால் ஐந்து வலது பக்கம் வளைந்து ஓடும், மூன்று தரையில் உருளும், ஒன்று இடது வேலிக்குப் போகும். மிச்சம் ஒன்று எங்கே போனது என்று அடித்தவருக்கே தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆசை. வண்டி நகர்ந்து வந்தால் போதும், குறிக்கென்று நட்டிருக்கும் கொடியையும் பலகையையும் விட்டுவிட்டு அதைத்தான் குறி பார்ப்பார்கள். கூண்டில் படீரென்று பட்டால் வரிசை முழுக்கக் கைதட்டல். அடித்தவருக்கு அன்றைக்குக் காபி மற்றவர்கள் உபயம்.

உள்ளே இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. தகர டப்பாவுக்குள் ஆளை உட்கார வைத்து வெளியிலிருந்து சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருக்கும். முதல் வாரம் ஒவ்வொரு அடிக்கும் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பழகிவிட்டது. அடி அவளுக்குப் புதிதில்லை. நடுவில் ஒரு வலை இருப்பதுதான் புதிது.

அவள் புருஷன் பழைய கட்டடம் இடிக்கிற சம்மட்டிக்காரன். பகலில் சுவரை இடிப்பான், வீட்டுக்கு வந்தால் இவளை. எட்டு வருஷத்தில் இரண்டு பல்லும் இடது காதில் பாதி கேட்கும் திறனும் போன பிறகு, அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கோபம் அவன் முகத்துக்கு வருவதற்கு முன்னால் வலது தோளுக்கு வந்துவிடும். தோள் ஒரு விரற்கடை காதை நோக்கி ஏறும். ஏறினால் அடி நிச்சயம். ஏறுவதற்கும் விழுவதற்கும் நடுவில் கண் இமைக்கும் நேரம் கிடைக்கும். அதற்குள் குனிந்து, தலைக்கு வருவதை முதுகில் வாங்கிக்கொள்வாள். அவள் உயிரோடு இருந்தது அந்தத் தோளின் தயவில்தான்.

ஒரு நாள் அவன் நாற்காலிக் காலை உடைத்து எடுத்தான். அன்றைக்குக் கிளம்பியவள் இரண்டு ஊர் மாறினாள், இரண்டிலும் தேடிக்கொண்டு வந்துவிட்டான். மூன்றாவது இந்த ஊர். சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், அவளே திருகாணி போட்டு முடுக்கிய உள்தாழ்ப்பாள். பதினாலு மாதம் முழுசாகத் தூங்கினாள்.

பதினைந்தாவது மாதம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அடிக்கிறவர்கள் வரிசையில், ஒன்பதாம் நம்பர் தடுப்பில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் வாடகை மட்டை, மறு கையில் ஒரு வாளி பந்து. அவளைப் பார்த்துச் சிரித்தான். இன்னொரு தடவை ஓட அவளிடம் தெம்பும் இல்லை, ஊரும் இல்லை.

முதல் நாள் அவன் அடித்ததைப் பார்த்து வரிசையே சிரித்தது. சம்மட்டியை ஓங்குகிற மாதிரி தலைக்கு மேலே ஓங்கி நேர் கீழே இறக்கினான். கால்விரிப்பு கிழிந்தது, பந்து இருபது தப்படி உருண்டு நின்றது. கூண்டுக்குள் அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. இவன் இந்த லட்சணத்தில் அடித்தால் கிழவியாகும்வரை பயமில்லை என்று நினைத்தாள்.

அவள் பல் டாக்டரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பல் டாக்டர் எட்டாம் நம்பர் தடுப்புக்காரர். பன்னிரண்டு வருஷமாக வருகிறார், அவர் பந்து ஒரு நாளும் நேராகப் போனதில்லை. ஆனால் யார் தப்பாக அடித்தாலும் அவரால் சும்மா இருக்க முடியாது. தன்னுடையதைத் தவிர உலகத்தில் எல்லார் அடியையும் திருத்தத் தெரிந்த மனுஷன்.

"தம்பி, பலத்தைக் காட்டாதீங்க. இப்படிக் கழுத்தை நெரிச்சா மட்டை என்ன பண்ணும், பாவம்? குறடு இறுகினா பல்லு உடையும். லேசாப் புடிச்சா வேரோட வரும்."

"எனக்குப் பந்து தாழ்வாப் போகணும் சார். நேராவும் போகணும்."

"பாருய்யா! எல்லாரும் தூரம் தூரம்னு அலையறாங்க, இவரு நேரா போகணுங்கிறாரு. நீங்கதான் உருப்படுவீங்க."

நாலாம் நாள் பந்து புல்லை விட்டு எழும்பியது. ஆறாம் நாள் கூண்டின் கூரையில் இடித்தது, அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாடமும் அவளுக்குக் கம்பி வழியாக வந்து சேர்ந்தது. பந்தைக் காலுக்கு நடுவில் வைக்கச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு அடி கூரையிலிருந்து பக்கவாட்டுக்கு இறங்கியது. தலையை ஆட்டாமல் நிற்கச் சொன்ன அன்றைக்கு இரண்டுக்கு ஒன்று அவள் முக உயரத்தில் பட்டது. வலையில் பள்ளம் விழுந்தது. சில சமயம் கம்பி அதிர்ந்து அவள் கன்னத்தைத் தட்டியது.

அவள் மேனேஜரிடம் போனாள்.

"ஒன்பதாம் நம்பர்ல நிக்கிறவரு என் புருஷன் சார். என்னை அடிக்கத்தான் வந்து பழகுறாரு."

"எதை வச்சுச் சொல்றே?"

"வண்டியைப் பார்த்து அடிக்கிறாரு சார்."

மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வண்டியைப் பார்த்து யாரும்மா அடிக்கல? ஞாயித்துக்கிழமை ஆனா நானே அடிக்கிறேன். அதுக்குத்தானே கூண்டு?"

போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்றாள். "பந்து மேல பட்டுச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பட்டால் வரச் சொன்னார்கள்.

பத்தாம் நாள் வண்டியைத் திருப்பும்போது அவள் ஒன்றைப் பார்த்தாள். பல் டாக்டர் அவனுக்குப் பின்னால் நின்று, அவன் வலது தோளின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஏதோ பேசினார். அத்தனை தூரத்தில், பாதிக் காதில், என்ன விழும்? அவர் சொன்னது இதுதான்: "இங்கதான் இருக்கு உங்க வியாதி. அடிக்கறதுக்கு முன்னாடி இந்தத் தோள் மேல ஏறிக்குது. எறக்கி வைங்க. தூங்குற குழந்தையைத் தோள்ல போட்டிருக்கீங்கன்னு நெனச்சுக்கோங்க, ஆடக் கூடாது."

பதினோராம் நாள் சக்கரத்தில் பந்து சிக்கிக்கொண்டது. நாளுக்கு ஒரு தடவையாவது இப்படி ஆகும். இறங்கித்தான் எடுக்க வேண்டும். அவள் கை காட்டினால் மேனேஜர் மணி அடித்துச் சிவப்புக் கொடி ஏற்றுவார், எல்லோரும் மட்டையைக் கீழே வைக்க வேண்டும். இது பலகையில் எழுதியிருக்கிற சட்டம். நடப்பில், மணிக்கு அப்புறமும் ஆளாளுக்கு ஒன்று தட்டிவிடுவார்கள். வைத்த பந்தை எப்படிச் சும்மா விடுவது?

அதனால் அவள் இறங்குவதற்கு ஓர் இடம் வைத்திருந்தாள். திடலின் நட்ட நடு. இந்தக் கூட்டத்தின் பந்து எங்கே வேண்டுமானாலும் வரும், நேராக மட்டும் வராது. இத்தனை மாதத்தில் அந்த இடத்தில் அவள்மேல் ஒரு தூசு விழுந்ததில்லை.

மணி அடித்தது. வழக்கம்போல நாலைந்து பந்துகள் வலது பக்கம் வளைந்து போய் விழுந்தன. அவள் கூண்டைத் திறப்பதற்கு முன்னால் ஒன்பதாம் நம்பரைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். தோள் இறங்கியிருந்தது. தொளதொளவென்று, தூங்குகிறவன் தோள் மாதிரி கிடந்தது. எட்டு வருஷத்தில் அவனை இப்படி அவள் பார்த்ததே இல்லை. இன்றைக்கு அடிக்க மாட்டான் என்று நினைத்தாள். இறங்கிக் குனிந்தாள்.

பந்து தாழ்வாக, நேராக, சத்தமில்லாமல் வந்தது. இடது காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுடைய கெட்ட காதிலேயே கேட்டது. முழங்கால் மடங்கி, சக்கரத்தின் விளிம்பில் நெற்றி இடித்து, புல்லில் விழுந்தாள். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"அபாரம்!" என்று பல் டாக்டர் கத்தினார். "அப்படியே, அப்படியே! தோள் அசையவே இல்ல பாருங்க!" அவர் அடித்தவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து எங்கே போனது என்று பார்க்கவில்லை.

இரண்டாவது பந்து அவள் தலைமுடியைத் தொட்டுக்கொண்டு போனது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அந்த உள்ளங்கை நேற்று என்ன சொல்லிக்கொடுத்தது என்று. அவளுக்கு இருந்த ஒரே எச்சரிக்கையையும் பிடுங்கிவிட்டார்கள். அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வெறிதான் வந்தது.

ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். கூண்டைச் சாத்தினாள். வண்டியை வரிசையை நோக்கித் திருப்பி முழு வேகத்தில் விட்டாள்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்கள். பல் டாக்டர் தன் நாற்காலியில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினார். சம்மட்டிக்காரன் ஓடவில்லை. இவளிடமிருந்து ஓட அவனுக்குத் தெரியாது. வாளியைக் கவிழ்த்து ஒன்றன்பின் ஒன்றாக அடித்தான். முதல் பந்து கூண்டில் அறைந்தது. அடுத்தது தலைக்கு மேலே போனது. அதற்கு அடுத்தது தரையில் உருண்டது. கோபம் ஏற ஏறப் பதினோரு நாள் படித்த படிப்பெல்லாம் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

வண்டி, அவர்கள் நின்று அடிக்கும் மேடையின் விளிம்பில் ஏறிக் குலுங்கியபோது எலும்பு தோலுக்குள் குத்தியது, அவள் அலறினாள். நிறுத்தவில்லை. பலகைத் தடுப்பு சடசடவென்று உடைந்தது. அவன் இரண்டு கையாலும் மட்டையை ஓங்கினான்.

வலது தோள் ஏறியது.

அவள் தலையை இழுத்துக்கொண்டாள். மட்டை கம்பியில் அறைந்து இரண்டாக முறிந்தது. முறிந்த துண்டு திரும்பிப் பறந்து அவன் கன்னத்தைக் காதுவரை கிழித்தது. அவன் முகத்தைப் பொத்திய அந்த நொடியில் வண்டியின் முன்சட்டம் அவன் தொடைகளைப் பின்சுவரோடு சேர்த்துப் பிடித்தது. அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ஏதோ நொறுங்கியது. அவன் கத்தினான். அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. இந்த ஊளைதான் எட்டு வருஷமாகத் தன் வாயிலிருந்து வந்ததா என்று நினைத்தாள்.

"விட்டுடுடி... செத்துருவேன்... எடுடி வண்டியை!"

அப்போதும் அவன் வலது தோள் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் கெஞ்சியது, தோள் இன்னும் அடிக்கப் பார்த்தது. என்றைக்கும் அவனை நீங்க, வாங்க என்று பேசிப் பழகியவள் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து மெதுவாகச் சொன்னாள்:

"தோளை எறக்கு."

அவன் விழித்தான்.

"தோளை எறக்குடா."

இறக்கினான். அவள் இன்ஜினை அணைத்தாள்.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் இரண்டு வந்தன. விசாரணையில் வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி இழுத்தார்கள். மணி அடித்த மாதிரியும் இருந்தது, அடிக்காத மாதிரியும் இருந்தது என்றார்கள். மணிக்கு அப்புறம் அவன்தான் அடித்தான் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும்தானே அடித்திருந்தார்கள். வண்டியை ஏற்றியதற்கு அவள்மேலேயே வழக்குப் போடலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது.

ஒன்பது வாரம் கழித்து, எலும்புக்குப் போட்ட கட்டைப் பிரித்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், பல் டாக்டர் வண்டிக் கொட்டகைக்கு வந்தார். கையில் மட்டை இல்லை. வழியில் கிடந்த ஒரு பந்தை எடுத்து அதையே திருகிக்கொண்டு நின்றார்.

"நேத்து போலீஸ்ல போய் எழுதிக் கொடுத்துட்டேம்மா. மணி அடிச்ச பிறகுதான் அவன் அடிச்சான்னு. ரெண்டாவது பந்தையும் உன்னைப் பார்த்துதான் அடிச்சான்னு. நானும் மணிக்கப்புறம் ஒண்ணு அடிச்சேன்னும் சொல்லிட்டேன். அவன் ஜெயில்லேர்ந்து வெளிய வர வருஷக்கணக்காகும்ங்கிறாங்க."

அவள் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். "நல்லது சார்" என்றாள். அது மனசிலிருந்துதான் வந்தது. சலவைக்கடை மாடி அறையை இனி விட வேண்டியதில்லை.

"ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குதும்மா. அந்தத் தோளை எறக்கிவிட்டது இந்தக் கைதான். அவன் உன்னைத்தான் குறி பார்க்கிறான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

எண்ணெய்க் குவளையை மூடி வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். கூண்டின் பக்கவாட்டு வலை முழுக்கப் பள்ளம், பன்னிரண்டு வருஷத்துப் பள்ளம். அதில் சம்மட்டிக்காரனுடையது பத்துப் பதினைந்து இருக்கலாம். அவள் அதன்மேல் கையை ஒரு தடவை தடவினாள்.

"அவன் என்னைப் பார்த்து அடிச்சான் சார். சரி. நீங்கள்லாம் இத்தனை வருஷமா எதைப் பார்த்து அடிச்சீங்க?"

பல் டாக்டர் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். அதைக் கூடையில் போடவா, கீழே வைக்கவா என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார். அவள் கூண்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைத் திடலுக்கு ஓட்டினாள்.