மூன்றாம் மாடித் தட்டு

புனே விமான் நகரில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறினால், "உன் ஊர்க்காரியைப் பார்த்தாயா?" என்று கேட்கிறார் எதிர்வீட்டு மராட்டிய அம்மா. எல்லோருக்கும் அவர் காகூ, மராட்டியில் சித்தி. தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைப்பவர்கள் எல்லோரும் அவருக்கு ஒரே ஊர். அவர் சொல்லும் ஊர்க்காரி, மூன்றாம் மாடிக்குக் குடிவந்த நில்மினி. சிங்களப் பெண், ஹோட்டல் ஸ்பாவில் வேலை. நான் கிளிநொச்சிக்காரி. போருக்குப் பின் தமிழ்நாட்டுக்கு அகதியாக வந்து, கோவைக்காரரை மணந்து, அவர் வேலையோடு புனேக்கு வந்தவள்.

அவளுக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது. இருவரும் அரைகுறை இந்தியில் பேசினோம். "இலங்கையில் எந்த ஊர்?" என்று கேட்டாள். சோதனைச்சாவடியில் துவக்கோடு நின்ற ஆமிக்காரன் கேட்ட அதே கேள்வி. "கொழும்பு" என்று பொய் சொன்னேன். அன்றிலிருந்து லிஃப்டில் அவளைச் சந்திக்காமலிருக்கப் படியேறித்தான் போனேன்.

சித்திரைப் புத்தாண்டு சிங்களவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாள்தான். ஒரு பீங்கான் தட்டில் துண்டு துண்டாக வெட்டிய பாற்சோற்றோடு வந்து நின்றாள். போர் முடிந்த நாளில் நாங்கள் முகாமின் முட்கம்பிக்குள் கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். வெளியே ஆமிக்காரர் பட்டாசு கொளுத்தி இதே பாற்சோற்றைப் பகிர்ந்து தின்றார்கள். என் அண்ணாவை அவர்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. இன்றுவரை தகவல் இல்லை. பிறகு சமாதானம் பேச வந்தவர்கள் எங்களைச் சிங்களவர்களோடு கைகோர்க்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதனால் சிரித்த முகத்தோடு வரும் யாரையும் நான் நம்புவதில்லை. கஞ்சிக்கு நின்ற நான் நில்மினி தந்த சோற்றைக் குப்பையில் கொட்டினேன். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் திட்டுங்கள். எனக்கும் நெஞ்சு சுட்டது.

தட்டுதான் வம்பாகிவிட்டது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. நிரப்பிக் கொடுத்தாலோ அவளோடு போக்குவரத்து தொடங்கிவிடும். ஒரு மாதம் அது குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. "ஒரு தட்டக் குடுக்கறதுக்கு இத்தன ரோசனையா?" என்றார் கணவர். காகூவைக் கேட்டால், மராட்டியர்களுக்கும் அதே வழக்கம்: "ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடு."

பாசிப்பயற்று மாவில் பயற்றம் பணியாரம் சுட்டு அந்தத் தட்டில் எடுத்துப்போனேன். அவள் வாசலிலேயே நின்று, "நான் கொழும்பில்லை, கிளிநொச்சி" என்றேன்.

அவள் தட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். "என் அண்ணா அங்கே இருந்தார். ஆமியில். வீட்டில் எதுவும் சொல்லமாட்டார்."

"பஸ்ஸில் ஏற்றியவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேள்."

"கேட்கிறேன்" என்றாள். நான் நம்பவில்லை.

அடுத்த வாரம் லிஃப்ட் வாசலில் அதே தட்டோடு நின்றாள். மறுபடியும் பாற்சோறு. "கேட்டேன். போனை வைத்துவிட்டார். திரும்பவும் கேட்பேன்." உண்மையில் கேட்டாளா, தெரியாது. ஆனால் தட்டை என்னிடம் நீட்டியபடியே நின்றாள். ஒரு துண்டை எடுத்து அவள் முன்னாலேயே வாயில் வைத்தேன். தேங்காய்ப்பாலும் உப்பும். அம்மா காய்ச்சும் பாற்கஞ்சியின் ருசி. விழுங்க முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை.

லிஃப்ட் திறந்தது. காகூ எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஒரே ஊர்தானே நீங்கள்?"

வாயில் சோறு இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.